ஓம் விதியும் நம் தலைவிதியும்

ஆண்டு மலர் என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். முதல்வரின் வாழ்த்துரை, யூனியன் செயலாளரின் ஆண்டறிக்கை, 'நட்பு' பற்றி நாலு கவிதை, 'காதல்' பற்றி நாற்பது கவிதை, வரதட்சணை ஒழிப்பு, நதிநீர் இணைப்பு, ஓரமாகக் கொஞ்சம் கடி ஜோக்ஸ். இந்தக் கூட்டத்துக்குள் நான் ரெண்டு ரெசிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் தலைப்பைப் பார்த்துவிட்டு, "டேய், இது மலரா, மாடல் கொஸ்டின் பேப்பரா?" என்றான். மலர்தான். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலாம் ஆண்டு இயற்பியலில் 'சர்க்யூட் கணக்கு' என்று ஒன்று வருகிறதே, ரெண்டு மூன்று மின்தடைகளை இணைத்துப் படம் போட்டு, மொத்தத் தடை எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்பார்களே, அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். நாம் அதைப் போடுகிறோம். ஆனால் அந்தச் சர்க்யூட்டை யாரும் பார்ப்பதே இல்லை. ஃபார்முலாவைத் தேடுகிறோம், நம்பரைப் போடுகிறோம், கேல்குலேட்டரைத் தட்டுகிறோம், வந்ததை எழுதி அடியில் ரெண்டு கோடு இழுக்கிறோம். அதில் வேடிக்கை என்னவென்றால், இதற்கு நம் யூனியனும் ஒரு கை உதவி செய்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹாஸ்டலில் முதலாண்டுத் தம்பிகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. (ராகிங் அல்ல, பயப்பட வேண்டாம்.) 230 வோல்ட்டுக்கான 60 வாட் குண்டு பல்பு ஒன்று, 100 வாட் குண்டு பல்பு ஒன்று. ரெண்டையும் சீரிஸில் போட்டு மெயின் சப்ளை கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்?

"நூறு வாட்டுதான்ணே, இதுல என்ன சந்தேகம்!" பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நேராக ரெண்டாம் ஆண்டில் சேரும் நண்பர்களிடம் கேட்டால் யோசிக்காமல் "அறுபது" என்பார்கள். அவர்கள் கையால் மாட்டிப் பார்த்தவர்கள். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தாங்க எரியும்" என்பதோடு சரி. ஒருத்தருக்கு விடை தெரியும், காரணம் தெரியாது. இன்னொருத்தருக்குக் காரணத்துக்கான ஃபார்முலா எல்லாம் தெரியும், விடை தெரியாது. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பேசிக்கொள்வதில்லை!

கணக்கைப் பார்ப்போம். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை 60-ஆல் வகுத்தால் 60 வாட் பல்பின் தடை சுமார் 882 ஓம். 100-ஆல் வகுத்தால் 100 வாட் பல்பின் தடை 529 ஓம். ஆக, வாட் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம். சீரிஸில் போட்டால் மொத்தம் 1,411 ஓம். மின்னோட்டம் 0.163 ஆம்பியர். அதே மின்னோட்டம்தான் ரெண்டு பல்பு வழியாகவும் போகணும், அதற்கு வேறு வழி கிடையாது. எனவே 60 வாட் பல்புக்குக் கிடைப்பது சுமார் 144 வோல்ட், 100 வாட் பல்புக்கு 86 வோல்ட். பவர் கணக்குப் போட்டால் முதலாவது 23 வாட், ரெண்டாவது 14 வாட். சின்னவன் ஜெயித்துவிட்டான்.

நிஜத்தில் வித்தியாசம் இன்னும் அதிகமாகவே தெரியும். டங்ஸ்டன் இழை சூடாக ஆக அதன் தடை கூடும். ஆறிய இழையின் தடை, முழுசாக எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். 60 வாட் பல்பு சூடேறி இன்னும் அதிக வோல்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நூறு வாட்காரர் லேசாகச் சிவந்து, அதோடு நிறுத்திக்கொள்கிறார். மோட்டார் வைண்டிங் கடைகளில் சீரிஸ் லேம்ப் போர்டு வைத்திருக்கிறார்களே, அதன் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ரிப்பேருக்கு வந்த சாமானை நேராக மெயினில் கொடுக்காமல் ஒரு குண்டு பல்பு வழியாகக் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் முழு வோல்ட்டும் பல்புக்கு வந்து அது பளிச்சென்று எரியும், ஃபியூஸ் தப்பிக்கும். இந்த வேலைக்கு எல்.இ.டி. பல்பு ஆகாது. ஊரெல்லாம் எல்.இ.டி.க்கு மாறின பிறகும் அந்தக் கடைக்காரர்கள் குண்டு பல்பைத் தேடி அலைவது இதற்காகத்தான்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் தடுமாறுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. பி = வி²/ஆர் என்று ஒரு சூத்திரம்; தடை கூடினால் பவர் குறையும். பி = ஐ²ஆர் என்று இன்னொரு சூத்திரம்; தடை கூடினால் பவரும் கூடும். ரெண்டும் ஒரே புத்தகத்தில், ஒரே பக்கத்தில். எது நிஜம்? ரெண்டுமே நிஜம்தான். கேட்கவேண்டிய கேள்வி, ரெண்டு பல்புக்கும் பொதுவாக இருப்பது எது என்பதுதான். வீட்டு வயரிங்கில் எல்லாம் பேரலல்; வோல்ட் பொது. அங்கே முதல் சூத்திரம் பேசும். சீரிஸில் மின்னோட்டம் பொது. அங்கே ரெண்டாவது பேசும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதிக் கணக்கு வாய்க்கணக்காகிவிடும். ஆனால் இந்தக் கேள்வி எந்த 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' லிஸ்டிலும் வராது.

அடுத்தது படம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு 'தொடர் இணைப்பு', 'பக்க இணைப்பு' என்று சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல சொற்கள்தான். இங்கே வந்ததும் அவை சீரிஸ், பேரலல் ஆகிவிட்டன. மொழி மாறினாலும் ஒரு குழப்பம் மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டது. 'பக்க' என்றதும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருப்பது என்று நினைக்கிறோம். 'பேரலல்' என்றதும் ஜியோமிதியில் வரும் இணைகோடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ரெண்டும் தப்பு. ரெசிஸ்டர் படுத்திருக்கிறதா, நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது மின்சாரத்துக்குத் தெரியாது. படம் வரைந்தவருக்குத்தான் தெரியும்.

வைவாவில் கேட்கப்படும் முக்கோணக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று 6 ஓம் தடைகள் முக்கோணமாக இணைந்திருக்கின்றன. ஒரு பக்கத்தின் ரெண்டு முனைகளுக்கு இடையே தடை எவ்வளவு? படத்தில் எதுவுமே இணையாக இல்லை என்பதால், 'பேரலல் இல்ல சார், பதினெட்டு ஓம்' என்று பதில் வருகிறது. உண்மையில் அந்த ஒரு பக்கம் 6 ஓம். மற்ற ரெண்டு பக்கமும் சுற்றி வந்து 12 ஓம். ரெண்டும் அதே முனைகளில்தான் போய்ச் சேருகின்றன. பேரலல்! விடை 4 ஓம்.

இதற்கு மூன்று கலர் பென்சில் போதும். பேட்டரியின் பாசிட்டிவில் ஆரம்பித்து வயர் போகும் இடமெல்லாம் சிவப்புத் தீட்டுங்கள். ரெசிஸ்டர் குறுக்கே வந்தால் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் வேறு கலர். முழுப் படத்தையும் இப்படித் தீட்டி முடித்த பிறகு பாருங்கள். ரெண்டு முனையிலும் அதே ரெண்டு கலர் உள்ள தடைகள் பேரலல். ரெண்டு தடைகளுக்கு நடுவே ஒரு கலர் இருந்து, அந்தக் கலரில் வேறு எதுவுமே வந்து தொடவில்லை என்றால் அவை சீரிஸ். அவ்வளவுதான். ரெண்டுமே இல்லையா? இருக்கலாம், அதுவும் நடக்கும். எல்லா சர்க்யூட்டும் சீரிஸ் அல்லது பேரலல் என்று யாரும் சத்தியம் பண்ணிக் கொடுக்கவில்லை. வீட்ஸ்டன் பிரிட்ஜ் அப்படித்தான். 1833-ல் கிறிஸ்டி என்பவர் சொன்ன அமைப்பு அது; 1843-ல் வீட்ஸ்டன் அதைப் பிரபலமாக்கினார், கிறிஸ்டியின் பெயரையும் மறைக்காமல் சொன்னார். இருந்தும் பெயர் வீட்ஸ்டனுக்கே போய்விட்டது. (நம் கல்லூரிப் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் யார் பெயர் முதலில் வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் புதிசில்லை.)

அப்படிச் சிக்கிக்கொண்ட சர்க்யூட்டுக்குத்தான் கிர்க்காஃப் விதிகள். 1845-ல் அவற்றைச் சொன்னபோது கிர்க்காஃபுக்கு வயது 21. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர். நம் செட்டு வயசு!

இன்னொரு சின்ன விஷயம், தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு. 6 ஓமும் 3 ஓமும் பேரலல். 1/6 + 1/3 = 0.5. இங்கேயே நிறுத்தி 'விடை 0.5 ஓம்' என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! தலைகீழாக்க மறந்துவிடுகிறார்கள். "பேரலலில் விடை இருப்பதிலேயே சின்னதைவிடக் குறைவாக இருக்கணும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 0.5 என்பது 3-ஐவிடக் குறைவுதானே என்று மனசும் சமாதானம் ஆகிவிடுகிறது. இன்னொரு பக்கமும் வேலி போடுங்கள். ரெண்டு தடைகள் பேரலலில் இருந்தால் விடை சின்னதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் சின்னதில் பாதியைவிடக் குறையவே குறையாது. ஏனென்றால், ரெண்டாவது தடையும் அதே 3 ஓமாக இருந்தால்கூட 1.5 ஓம்தான் கிடைக்கும். அதைவிடப் பெரிய தடை வந்தால் அதற்கு மேலேதான் நிற்கும். ஆகவே விடை 1.5-க்கும் 3-க்கும் நடுவே. 0.5 வந்தால் கேல்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்க்கணும். (சரியான விடை 2.) பேனாவைத் திறப்பதற்கு முன்னால் இந்த வேலியைப் போட அஞ்சு செகண்டுதான் ஆகும்.

இப்போது லேபுக்கு வருவோம். இங்கேதான் என் கோபம்.

ஓம் விதிப் பரிசோதனையில் நம் ரெக்கார்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு 0.01 ஆம்பியர், ரெண்டு வோல்ட்டுக்கு 0.02, மூன்று வோல்ட்டுக்கு 0.03... கிராஃபில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு ஒரு புள்ளியைக்கூட விடாது. தங்க நிறப் பட்டை போட்ட 100 ஓம் ரெசிஸ்டர் என்றால் அதன் நிஜ மதிப்பு 95-லிருந்து 105 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்; செய்தவனே அப்படித்தான் சொல்கிறான். ஆனால் நம் அறுபது ரெக்கார்டிலும் அது சரியாக 100. எப்படி? எல்லோருக்கும் தெரியும் எப்படி என்று. போன வருஷ ரெக்கார்டு, அதற்கு முந்தின வருஷ ரெக்கார்டு என்று ஒரு பரம்பரையே இருக்கிறது. ரீடிங்கை முதலில் யார் எடுத்தார் என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம்!

ஓம் என்ற மனிதருக்கே ரீடிங் சரியாக வரவில்லை, தெரியுமா? ஜார்ஜ் சைமன் ஓம் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். 1825-ல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தப்பு. அவர் உபயோகித்த வோல்டா பேட்டரி மின்னோட்டம் ஓட ஓடத் துவண்டுபோனது. வோல்ட் நிலையாக நிற்கவில்லை. அவர் என்ன செய்தார்? எதிர்பார்த்த நம்பரை எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கவில்லை. பேட்டரியையே மாற்றினார். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் இன்னொரு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை மாறாது, ஆகவே வோல்ட்டும் மாறாது. 1826-ல் சரியான விதி கிடைத்தது. 1827-ல் புத்தகமாக எழுதினார். சொந்த நாட்டில் பெரிசாக யாரும் மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841-ல்தான் வந்தது. ஒத்துவராத ரீடிங்கை அழிக்காமல் விட்ட மனிதர் பெயரில் இருக்கும் பரிசோதனையை, நாம் ஒத்துவராத ரீடிங்கை அழித்துச் செய்கிறோம்!

'தப்பான' ரீடிங் நிறையச் சமயம் சரியான ரீடிங்தான். ரெண்டு 1 மெகா ஓம் தடைகளைச் சீரிஸில் போட்டு 10 வோல்ட் கொடுங்கள். ஒன்றின் குறுக்கே 5 வோல்ட் வரணும். முள் வைத்த பழைய மல்டிமீட்டரை (வோல்ட்டுக்கு 20,000 ஓம் ரகம்) 10 வோல்ட் ரேஞ்சில் வைத்து அளந்தால் 1.43 வோல்ட்தான் காட்டும். மீட்டர் ரிப்பேர் என்று நினைப்போம். இல்லை. அந்த மீட்டரே 2 லட்சம் ஓம் தடை. நாம் அதைப் பேரலலில் மாட்டிவிட்டோம். 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டரில் பார்த்தால் 4.76. அளக்கப் போன ஆளே சர்க்யூட்டுக்குள் ஒரு ரெசிஸ்டராக உட்கார்ந்துகொள்கிறார். 5 என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறவனுக்கு இந்தப் பாடம் கடைசிவரை கிடைக்காது.

ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று சொல்லணும். ஒரு பேட்சுக்கு நாலு செட். அதில் ஒரு அம்மீட்டரின் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரெண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் கையெழுத்துப் போடணும். கோடு நேராக வந்தால் மார்க், வளைந்தால் ரிப்பீட் என்றால் எந்தப் பையன் வளைந்த கோட்டைக் கொண்டுவந்து காட்டுவான்? அவரவர் ரீடிங்குக்கும், அது ஏன் அப்படி வந்தது என்று எழுதும் ரெண்டு வரிக்கும் மார்க் கொடுங்கள் என்று துறைத் தலைவர்களை மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"இதெல்லாம் பெரிய விஷயமாப்பா? பாஸ் பண்ணினா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர். முதலாண்டுக் கணக்குதான்.

ஒரு வீட்டில் கிரைண்டரின் உள்ளே ஃபேஸ் வயர் உரிந்து பாடியில் பட்டுவிட்டது. எர்த் போட்டிருக்கிறார்கள், ஆனால் குழியில் தண்ணீர் ஊற்றி வருஷக்கணக்காச்சு. எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 5 ஓம். மண் வழியாக ரெண்டும் சீரிஸ். 230-ஐ 25-ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கெல்லாம் அசையாது. சரி, கிரைண்டர் பாடியில் எத்தனை வோல்ட்? 9.2 × 20 = 184 வோல்ட். ஃபியூஸ் போகவில்லை, எர்த் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரிகிறது. ஈரக்கையோடு அந்த வீட்டு அம்மா மாவு தள்ள வருகிறார்கள்.

"மின்சாரம் தடை குறைந்த வழியில்தான் போகும், எர்த் இருக்கும்போது ஆள் மேல பாயாது" என்று ஒரு வாசகம் நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்த வாசகம் பொய். மின்சாரம் எல்லா வழியிலும் போகும். தடை குறைந்த வழியில் அதிகமாகப் போகும், அவ்வளவுதான். மனித உடலின் தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று எடுத்துக்கொண்டால் எர்த்தில் 9 ஆம்பியர் போகும் அதே நேரத்தில் உடம்பில் சுமார் 0.18 ஆம்பியர் போகும். அதாவது 180 மில்லி ஆம்பியர். வீடுகளில் ஆளைக் காப்பாற்ற வைக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதைப்போல ஆறு மடங்கு! பேரலல் சர்க்யூட்டில் பெரிய தடைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தேர்வில் ரெண்டு மார்க்குக்கு எழுதுகிறோம். வேலைக்குப் போனபிறகு இதே வாசகத்தை நம்பி எத்தனை வீட்டில் ஆர்.சி.சி.பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவோம்?

தெருவில் நியூட்ரல் அறுந்துபோனாலும் இதே கதைதான். வேறுவேறு ஃபேஸில் இருக்கும் ரெண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரிஸில் வந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ், இன்னொரு வீட்டில் 100 வாட் பல்பு மட்டும் என்றால், பல்பு வீட்டுக்கு 360 வோல்ட்டுக்கு மேல். தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குச் சேதமில்லை. சும்மா இருந்த வீட்டில் டி.வி. போய்விடும். அந்த அறுபது வாட், நூறு வாட் கேள்விதான் தெருவுக்கு வந்திருக்கிறது.

இனி யூனியன் சங்கதி. ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு மாணவர்களிடம் ரெக்கார்டு நோட்டுகளைச் சேகரித்து முதலாண்டுத் தம்பிகளுக்குக் கொடுப்பதை நம் சங்கம் ஒரு சேவையாகவே செய்துவருகிறது. ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு வரியும் உண்டு. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். "வீட்டிலேயே முதல் முதலாக இங்கிலீஷில் எழுதுகிற பையன், ஒரு மாதிரி இல்லாமல் எப்படி எழுதுவான்?" என்று செயலாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, அந்தப் பையன்களில் நானும் ஒருவன்தான். ஆனால் அவனுக்கு வேண்டியது 'எய்ம்', 'அப்பாரட்டஸ்', 'புரொசீஜர்' எழுதத் தெரிவது. நம்பர் அல்ல. வார்த்தைகளைக் கொடுங்கள், ரீடிங்கைக் கொடுக்காதீர்கள். ரீடிங் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு மாதிரி ரெக்கார்டு தயாரித்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் செலவும் குறைவு.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். கூடவே ஒரு கோரிக்கை: யூனியன் அறையில் ஒரு மரப்பலகை, ரெண்டு ஹோல்டர், ஒரு 60, ஒரு 100 குண்டு பல்பு, ஒரு ஃபியூஸ், ஒரு ஆர்.சி.சி.பி. பலகையை நாங்கள் மின்னியல் துறை மாணவர்கள் வயரிங் செய்து தருகிறோம். ஹோல்டரும் வயரும் ஒர்க்ஷாப்பில் கழித்துப்போட்டது கிடைக்கும். குண்டு பல்புதான் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. யார் ஊரிலாவது கண்ணில் பட்டால் விடுமுறை முடிந்து வரும்போது ரெண்டு வாங்கி வரவும். பணம் கொடுத்துவிடுகிறேன்.